பெரியம்மா வீட்டு மேற்கட்டி

உங்களுக்கெல்லாம் வயதுதான் ஏறியிருக்கிறது. அடுத்தவள் வீட்டுக் கூரைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற புத்தி மட்டும் இறங்கவே இல்லை. என் மகன் கட்டுகிற வீட்டு வாசலில் உமி மூட்டை வந்து இறங்கியதும் இறங்காததுமாக ஓடி வந்துவிட்டீர்கள். "இன்னாடி இது, கோழிப் பண்ண வெக்கப் போறியா?" என்று வேறு கிண்டல். எதற்கென்று நான் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் நாளைக்கே நீங்களும் வாங்கி மேலே கொட்டுவீர்கள். அப்புறம் "ஏசியே போடறதில்ல, கரண்ட் பில்லு பாதியாப் பூட்ச்சி" என்று என்னிடமே வந்து பீற்றிக்கொள்வீர்கள். அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. போங்கள், சொல்ல மாட்டேன்.

இன்னும் போகவில்லையா? வெட்கங்கெட்டவர்களே! சரி, அந்த மூட்டை மேல் சாயாமல் உட்காருங்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட வருஷம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. அதுவரை மற்றவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் நைனாவுக்கு அதில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை போட்டதும் அவர் கண்ணுக்கு எங்கள் பனையோலைக் கூரை கேவலமாகத் தெரிந்தது. தை பிறந்ததும் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு சிமெண்ட் ஷீட் போட்டார். எங்கள் தெருவில் முதல் ஷீட் வீடு எங்களுடையதுதான். ஷீட்டை அடித்தால் டங் டங்கென்று சத்தம் வரும். அதைக் காட்டுவதற்காகவே அம்மா வருகிறவர்கள் முன்னால் துடைப்பக் கட்டையால் தட்டுவாள்.

"பாத்துக்கோ, இனிமே வருசா வருசம் ஓல மாத்தற பேஜாரு எங்களுக்கு இல்ல. நெருப்பு புடிக்குமேன்ற பயமும் இல்ல" என்பாள். தெருப் பெண்கள் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள். அவர்கள் முகம் தொங்குவதைப் பார்க்க எனக்கு வெல்லம் தின்கிற மாதிரி இருக்கும். பிரித்துப் போட்ட ஓலையை அந்தத் தை மாதம் முழுக்க அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டுக் குளித்தோம். எங்கள் வீட்டுக் குளிர்ச்சியைத்தான் எரித்துக் குளித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் பெரியப்பா வீடு. நைனாவுக்கு அண்ணன் அவர். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஷீட் டங்கென்றால் அந்தப் பக்கம் பெரியம்மாவுக்கு நெஞ்சில் டங்கென்றது. ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை, அவளும் ஷீட் போட்டுவிட்டாள்.

"நான் தும்முனா அவளுக்கும் தும்மல் வந்துடும்" என்றாள் அம்மா.

ஆனால் பெரியம்மா ஒன்று கூடுதலாகச் செய்திருந்தாள். ஷீட்டுக்குக் கீழே மூங்கில் தப்பைகளை வரிசையாகக் கட்டி, சாக்குகளைப் பிரித்து ஒன்றோடு ஒன்று தைத்து, மேற்கட்டி மாதிரி விரித்து, அடியில் சுண்ணாம்பு அடித்திருந்தாள். "பல்லி தலைல வுழுதும்மா, அதான்" என்று கேட்டவர்களிடம் சொன்னாள். "சாக்குப் பந்தல்" என்று அம்மா சிரித்தாள். பங்குனி வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

பங்குனி வெயில் வந்ததும் ஷீட் தன் குணத்தைக் காட்டியது. காலை சாப்பாடு முடிவதற்குள் மேலே படக் படக்கென்று முறியும் சத்தம் கேட்கும். உச்சிப் பொழுதில் பணியாரச் சட்டிக்குள் குந்தியிருக்கிற மாதிரி இருக்கும். சுவரில் இருந்த பல்லிகள்கூட மூட்டை கட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டன. மோர் மதியத்துக்குள் புளித்து நுரைத்துவிடும். எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

நைனா விடுவாரா? நீல நிற இறக்கை வைத்த ஒரு மேஜை ஃபேன் வாங்கி வந்தார். அதைப் போட்டால் ஊதாங்குழலால் அடுப்பை ஊதுகிற மாதிரி சூட்டை எடுத்து எங்கள் முகத்தில் ஊதியது. வாசல் பக்கம் மாட்டியிருந்த மீட்டரில் வட்டத் தகடு ஒன்று சுற்றும். ஃபேன் போட்டால் அது இன்னும் வேகமாகச் சுற்றும். அம்மா ஃபேன் காற்றில் உட்காராமல் மீட்டருக்கு எதிரில் உட்கார்ந்து அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நிறுத்துய்யா, டப்பு சுத்திகினு போவுது" என்று கத்துவாள்.

அடுத்த வீட்டில் ஃபேன் கிடையாது. ஆனால் பெரியம்மா மத்தியானத்தில் உள்ளே படுத்துக் குறட்டை விடுவாள். சுவர் தாண்டி அந்தக் குறட்டை எங்களுக்குக் கேட்கும். மத்தியானத்தில் ஷீட் வீட்டுக்குள் தூங்குகிறவளை யாரால் பொறுத்துக்கொள்ள முடியும்?

பெரியம்மாவுக்கு ஒரே பெண். என் வயதுதான். அவள் உடம்பில் ஒரு வேர்க்குரு கிடையாது. என் முதுகைப் பார்த்து, "இன்னாடி, கேவுரு மாவுல பொரண்டியா?" என்று கேட்பாள். அவளுடைய வழவழத் தோளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கிள்ளு கிள்ள என் நகம் துடிக்கும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். பொன்னேரிப் பக்கம் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சீமந்தம் முடித்து அழைத்து வர வேண்டும். அதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அக்காவின் மாமியார் வந்து இறங்கினாள்.

சரியான உச்சி வெயில். அம்மா பாய் விரித்து, ஃபேனை அவள் முகத்துக்கு நேரே வைத்தாள். அந்த அம்மாள் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வாங்கினாள், குடிப்பதற்குள் அவள் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சம்பந்தி, ஒங்க ஊடு நல்லாத்தான் கீது. ஆனா இதுல வடகம் காய வெக்கலாம், புள்ள பெக்க முடியாது" என்றாள்.

"சித்திர போனா சரியாப் பூடும்" என்றாள் அம்மா.

"எம் மருமவளுக்கு நாள் வைகாசில வருது. அக்னி நட்சத்திரத்துல பச்ச ஒடம்புக்காரிய இதுல போட்டா பச்சக் கொயந்த இன்னாத்துக்கு ஆவும்?"

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். "சம்பந்தி, செத்த நம்ம ஊட்டுக்கு வந்து காத்தாட குந்திட்டுப் போங்களேன்" என்றாள். காத்தாட என்று அவள் அழுத்திச் சொன்னதும் அம்மாவின் காது மடல் சிவந்தது.

போன அந்த அம்மாள் சாயங்காலம்தான் வெளியில் வந்தாள், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு. "பெரியம்மாவும் தாய்தானே? அவ ஊட்லயே இருக்கட்டும் எம் மருமவ. இல்லாட்டி எங்க ஊட்லயே பெத்துக்கட்டும். ஒங்க ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்க, தலைப்பிரசவம் ஓரகத்தி வீட்டிலா? அம்மா அன்று சோறு வடிக்கவில்லை. பெரியம்மா பெண் சுவர் ஓரமாக வந்து நின்று, "ஒங்க அக்கா எங்க ஊட்லதான் பெத்துக்கப் போறா. கொயந்தய நான்தான் மொதல்ல தூக்குவேன். நீ வேணா தள்ளி நின்னு பாத்துக்கோ" என்றாள். என் அக்கா. என் அக்காவின் குழந்தை. அன்று நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மா என் காதைப் பிடித்து இழுத்து, "அந்தச் சாக்குக்கு மேல இன்னாத்தயோ வச்சிகினு கீறா அவ. நீ போய்ப் பாத்துட்டு வாடி" என்றாள். பெரியம்மா குளத்துக்குத் துணி துவைக்கப் போன நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் பெண்ணைப் புளியங்காய் இருக்கிற இடம் சொல்லி வெளியே அனுப்பினேன். குதிர் மேல் ஏறி, ஒரு விறகுக் குச்சியால் சாக்குத் தையலில் குத்தினேன். சுர்ரென்று என் கண், வாய், மூக்கு எல்லாவற்றிலும் கொட்டியது.

உமி. வெறும் உமி. இடையிடையே காய்ந்த வேப்பிலை. பொத்தலில் கந்தலைத் திணித்து, கொட்டியதைக் கூட்டி மடியில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன்.

பெரியப்பாவுக்கு அப்போது ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற தொட்டியில் வேலை. பழவேற்காட்டு மீன் வண்டிகளில் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்துக் கொண்டுவருவதை அவர் பார்த்திருக்கிறார். வெயில் உள்ளே போகாமல் ஐஸ் கரையாமல் இருக்கிறதே, அப்படியானால் மனிதனும் வேகாமல் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மில்லில் சும்மா கிடந்த உமியைக் கொண்டுவந்து ஒரு முழம் உயரத்துக்குக் கொட்டிவிட்டார். இதைப் பெரியம்மா ஏன் மறைத்தாள் என்றா கேட்கிறீர்கள்? உங்களிடம் நான் ஏன் மறைத்தேனோ, அதற்காகத்தான்.

"உமிதானா? ப்பூ!" என்றாள் அம்மா. ஆனால் மில்லுக்குப் போய்க் கேட்டால் பெரியப்பாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் பெரியம்மாவுக்குத் தெரியும். "எங்கிட்டதான் கத்துகினா" என்று அவள் சொல்வாள். அதைவிட அம்மா அந்த ஷீட்டுக்கடியில் வெந்து செத்தாலும் சாவாள். அப்போது நவரைப் பட்டத்து நெல் அறுவடை நேரம். களத்து மேட்டில் தூற்றி ஒதுக்கிய பதர் மலை மலையாகக் கிடந்தது.

"உமியும் நெல்லோட தோலுதான், பதரும் நெல்லோட தோலுதான்" என்றார் நைனா.

"அவ ஒரு முழம் போட்டா நாம ரெண்டு முழம் போடுவோம்" என்றாள் அம்மா.

மூங்கில் கட்டி, சாக்குத் தைத்தோம். கோணி ஊசி குத்தி என் கட்டை விரல் வீங்கிப்போனது. கூடை கூடையாகப் பதரைச் சுமந்து கொட்டினோம். பொய் சொல்லக் கூடாது, மறுநாளே வீடு குளிர்ந்தது. நைனா ஃபேனை நிறுத்திவிட்டு, மீட்டர் தகடு அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். அம்மா மத்தியானம் படுத்து, தூக்கம் வராவிட்டாலும் சுவர்ப் பக்கம் வாயை வைத்துக் குறட்டை விட்டாள். பொன்னேரிக்கு ஆள் அனுப்பி, "ஊட்ட வந்து பாத்துட்டு மருமவள வுட்டுட்டுப் போவச் சொல்லு" என்று சொல்லியும் விட்டாள்.

அதற்குள் ஒரு கோடை மழை. நல்ல மழை. ஷீட்டுக்கு ஆணி அடித்த ஓட்டைகளை நைனா தார் வைத்து அடைத்திருக்க வேண்டும். கம்பெனிக்காரர் அல்லவா, தாருக்கு ஏன் செலவு என்று விட்டுவிட்டார். தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தரைக்கு வரவில்லை. அம்மா அதையும் பெருமையாகச் சொன்னாள். வந்த தண்ணீரை எல்லாம் பதர் குடித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் மேற்கட்டி நடுவில் தொங்க ஆரம்பித்தது. தெருப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஒம் பொண்ணுக்கு முந்தி ஒங்க ஊட்டு மேக்கட்டிக்கு மாசம் நெறஞ்சிடும் போலக் கீதே" என்றாள். இரண்டொரு நாளில் புளித்த கஞ்சி நாற்றம் வந்தது. ஒரு காலையில் அண்ணாந்து பார்த்தால், சாக்குப் பொத்தல் வழியாக மஞ்சள் மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். நெல் நாற்று! வெளிச்சம் படாமல் வெளுத்து, தலைகீழாக எங்களைப் பார்த்துத் தொங்கியது.

மில்லு உமி அவித்த நெல்லின் உமி. அதற்கு உயிர் கிடையாது. களத்துப் பதரில் அரையும் காலுமாக விளைந்த, அவிக்காத பச்சை நெல் எவ்வளவோ கலந்திருக்கும். தண்ணீர் கிடைத்தால் அது சும்மா இருக்குமா? காலமெல்லாம் நாற்றுப் பாவின எங்களுக்கு, வீட்டுக்குள் கொட்டினாலும் நெல் நெல்தான் என்று தோன்றாமல் போயிற்று.

நைனா கத்தரிக்கோலால் நாற்றின் நுனியை வெட்டினார். அம்மா சாம்பிராணி போட்டாள். எல்லாம் முடிவதற்குள் பொன்னேரியிலிருந்து அக்காவும் மாமியாரும் வந்துவிட்டார்கள். அக்கா வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளினாள்.

"இங்க குந்துங்க, இங்க" என்று அம்மா மாமியாரைச் சுவர் ஓரமாக நகர்த்தினாள். அந்த அம்மாளோ ஃபேன் இருந்த இடம் பார்த்து நடுவில் போய் உட்கார்ந்து, "அட, சில்லுனு கீதே!" என்று மேலே பார்த்தாள். பார்த்த வாய் மூடவில்லை. படாரென்று சாக்குக் கிழிந்து, ஊறின பதரும், மஞ்சள் நாற்றும், ஓர் எலிக்குடும்பமும் மொத்தமாக அவள் மேல் இறங்கின.

நான் சிரித்தேன். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா மட்டும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மாமியார் தலையில் நாற்றோடு எழுந்து, அக்கா கையைப் பிடித்தாள். "வாடி, அடுத்த ஊட்டுக்கு."

பெரியம்மா தன் வாசலில் நின்றிருந்தாள். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க நான் முன்னால் ஓடினேன். அவள் பெண் பின்னாலிருந்து என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். ஆனால் பெரியம்மா நகர்ந்து வழி விடவில்லை. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வேணாம் சம்பந்தி."

"இன்னா வேணாம்? அன்னிக்கி நீதானே கூப்ட்ட?"

"காத்தாட குந்தக் கூப்டேன். புள்ள பெக்கக் கூப்டல. நீங்களா சொன்னீங்க, நான் வாய மூடிகினு இருந்தேன். அவ்ளோதான்."

"இப்ப இன்னாத்துக்குத் தடுக்கற?"

பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "எம் பொண்ணு எங்க அம்மா ஊட்ல பொறந்தா. அவளுக்கப்பறம் ரெண்டு, இந்த ஊட்ல பொறந்துச்சு. ரெண்டும் தங்கல. இந்தப் பொண்ண இங்க படுக்க வெக்க எம் மனசு ஒத்துக்கல."

அம்மாவுக்கு இது தெரியாமலா இருந்தது? ஒரே சுவர். அந்த இரண்டு தடவையும் அம்மாதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தவள். ஆனால் பொறாமை பிடித்த நாளிலிருந்து அவளுக்கு அது நினைவிலேயே வரவில்லை. பெரியம்மா எங்கள் பெண்ணைப் பறிக்கப் பார்க்கிறாள் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. முன்னமே சொல்லியிருக்கலாம். நம் வீட்டைத்தான் நல்ல வீடு என்கிறார்கள் என்ற ருசியைக் கொஞ்ச நாள் வாயில் அதக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவ எங்கூடவே திரும்பி வரட்டும்" என்றாள் மாமியார்.

அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எங்க அம்மாகிட்டதான் இருப்பேன்" என்று சின்னக் குழந்தை மாதிரி அழுதாள்.

பெரியப்பா மில்லிலிருந்து வந்தார். எங்கள் மேற்கட்டிக்கென்று அவரிடம் பெரியம்மா உமி கேட்டாள். "மில்லுல ஒரு முறம் உமி கெடையாது. சூளைக்காரன் லாரி வச்சி வழிச்சிகினு பூட்டான். இனி ஆடிலதான்" என்றார் அவர்.

பெரியம்மா கொஞ்ச நேரம் தன் வீட்டு மேற்கட்டியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்து, குதிர் மேல் ஏறி, தையலை ஒரு முனையிலிருந்து அறுக்கத் தொடங்கினாள்.

"அடியேய், இன்னா பண்ற?" என்று பெரியப்பா கத்தினார்.

"கூடையப் புடிய்யா."

அன்று முழுக்க அந்த வீட்டு உமி இந்த வீட்டுக்கு வந்தது. நைனா கம்பெனியிலிருந்து தார் கேட்டு வாங்கி வந்து, ஓட்டைகளை அடைத்தார். நானும் பெரியம்மா பெண்ணும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுமந்தோம், பேசிக்கொள்ளாமல். பெரியம்மா உமியில் சுண்ணாம்புத் தூளும் வேப்பிலையும் கலந்து கொடுத்தாள். அம்மா புதுச் சாக்கைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "அத்தினியும் வேணாங்க்கா. பாதி போதும்" என்றாள்.

"பாதி உமி பாதி சூட்டதான் தடுக்கும். கம்னு தெய்யி" என்றாள் பெரியம்மா.

மாமியார் புது மேற்கட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அக்காவை விட்டுவிட்டுத் தனியாகப் பொன்னேரிக்கு பஸ் ஏறினாள். வைகாசியில் ஒரு மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஃபேன்கூட ஓடவில்லை. மருத்துவச்சி வியர்க்காமல் வேலை முடித்தேன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பெரியம்மா கூடவே இருந்ததால் அவள் பெண்தான் முதலில் உள்ளே நுழைந்தாள், குழந்தையை முதலில் தூக்கினாள். அதற்காக நான் அவளை இன்று வரை மன்னிக்கவில்லை. அவளுக்கும் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. எடுக்கட்டும்.

உமி போன பெரியம்மா வீடு அந்தக் கோடையில் காளவாய் மாதிரி ஆயிற்று. அதனால் பொழுது விடிந்தால் அவள் எங்கள் வீட்டில்தான். குழந்தையை மடியில் போட்டால் சாயங்காலம் வரை இறக்க மாட்டாள். அந்தச் சனியனும் வேறு யார் மடியிலும் தூங்காது. சொந்தப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

தெருவுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? கிணற்றடியில் நாலைந்து பேர் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒன் ஓரகத்தி தன் ஊட்ட மொட்டையடிச்சி ஒனக்கு உமி குடுத்தாளாமே, நெசமாக்கா?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மா குடத்தை நிதானமாக இடுப்பில் ஏற்றினாள்.

"எவடி அவ அப்டிச் சொன்னவ? அவ ஊட்டு உமில பூச்சி வுழுந்துட்ச்சி. எங்க கொட்டறதுன்னு தெரியாம முழிச்சிகினு இருந்தா. பாவம், கூடப் பொறந்தவ மாதிரியாச்சேன்னு எங்க மேக்கட்டில கொட்டிக்கச் சொன்னேன். அந்த நன்றிக்குத்தான் பகல் பூரா வந்து எம் பேத்தியப் பாத்துக்கறா. நானும், போனாப் போவுது, வச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன்."